கடலோர வீட்டுக் கம்ப்யூட்டர்: ஃபார்மேட் போடுவதற்கு முன்னால்

பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, முன்பக்க விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி செய்யும் சேட்டை இது. நேற்று ராத்திரி வரை நன்றாகத்தானே ஓடியது என்று விஷயம் தெரிந்தவரைக் கேட்டால், “ஃபார்மேட் போட்டுடுங்க, சரியாயிடும்” என்பார். திரையே வராத மெஷினில் எதை ஃபார்மேட் போடுவது?

ஃபார்மேட் என்பது டிஸ்க்கில் இருப்பதைத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவது. அதனால் தீரும் கோளாறுகள் உண்டு. ஆனால் கடலோரத்தில் மென்பொருளுக்கு முன்னால் நான்கு சந்தேக ஆட்கள் நிற்கிறார்கள்: கரண்ட், உப்பு, சூடு, டிஸ்க். இந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும். மேலே உள்ள கோளாறு கீழே உள்ளதாக வேஷம் போடும் என்பதுதான் காரணம். உப்புக் காற்றில் டிஸ்க் கேபிள் அரித்து, அதனால் விண்டோஸ் ஃபைல் கெட்டு, அதற்காக ஃபார்மேட் போட்டால் இரண்டு வாரம் ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

கையில் இருக்க வேண்டியவை: ஸ்டார் ஸ்குரூ டிரைவர், ஒரு அங்குலப் புதுப் பெயிண்ட் பிரஷ், மிருதுவான வெள்ளை ரப்பர், 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி., சின்ன டியூப் தெர்மல் பேஸ்ட், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், சி.ஆர். 2032 பட்டன் செல் ஒன்று.

கரண்ட்: சுவரிலிருந்து தொடங்குங்கள்

பிளக் சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டின் உயர்ந்த அளவில் வைத்து மூன்று அளவு எடுங்கள். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஐந்து நிமிட வேலை. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230ஐ ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்குள்.

இரண்டாவது அளவு 80, 120, 150 என்று அலைந்தால் எர்த் செத்துவிட்டது. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுப்பதும் இதனால்தான். எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர்க் கரண்டை மாற்றி உள்பாகங்களுக்குத் தரும் பெட்டி, அதற்குள் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்பு இரும்புக்கு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட்டே ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். அதில் ஓடும் கரண்ட் சொற்பம் என்பதால் ஆளை வெறுமனே சுர்ரென்று கடித்துவிட்டு விடும். ஆனால் டிவியின் எச்டிஎம்ஐ ஒயரைச் செருகும் நொடியில் அது போர்ட் வழியாகப் பாய்ந்தால் போர்ட் காலி.

மணல் மண்ணில் தண்ணீர் தங்காது. சித்திரை, வைகாசியில் எர்த் குழி வறண்டுவிடும். குழிக்குள் ஒயரைப் பிடித்திருக்கும் நட்டு போல்ட்டையோ கடற்காற்று அரித்திருக்கும். மெயினை அணைத்து, கிளாம்பைக் கழற்றித் தேய்த்து, புது போல்ட் போட்டு முறுக்கச் சொல்லுங்கள். குழியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி மறுநாள் மறுபடி அளந்து பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்: சாக்கெட்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து “சரியாப் போச்சு” என்பது. மீட்டர் அழகாகக் காட்டும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கேபினட்டில் வந்து உட்காரும்.

அடுத்து, கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் நொடியில் கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும் தொல்லை. இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ் என்று ஒரு நிலை, நார்மல் அல்லது எக்கோ என்று இன்னொன்று. நார்மலில் அது மாறிக்கொள்ள நேரம் எடுக்கும். ஃபேனும் லைட்டும் அதைப் பொறுக்கும். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் உள்ளே சேமித்திருப்பதை வைத்து முழு லோடில் 16 மில்லி செகண்ட் போலத்தான் தாங்கும். சுவிட்சை யுபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள், பல வீடுகளில் அதோடு பிரச்சினை தீரும்.

தனி யுபிஎஸ் வைத்திருந்தால் பேட்டரியைக் கவனியுங்கள். 600 விஏ மாடல்களில் பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று இருக்கும். நம் ஊர் வெக்கையில் இரண்டு, மூன்று வருஷம் வரும். எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தனியாகக் கழற்றி வைத்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 12.6க்கு மேல் இருக்க வேண்டும். 12க்குக் கீழே என்றாலோ, பக்கவாட்டில் வயிறு உப்பியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். லேசர் பிரிண்டரை ஒருபோதும் யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள், அது சூடேறும்போது இழுக்கும் கரண்டை இந்தச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகமா? மெஷின் ஓடும்போதே ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் நாலு ஒயர் கனெக்டர் சும்மா இருந்தால் அதில் அளக்கலாம். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6 வரை, கறுப்புக்கும் சிவப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரை. இந்த எல்லையைத் தாண்டினால் புதுசு வாங்குவதே சரி. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

உப்பு

ஐப்பசி பிறந்ததும் சமையலறை உப்பு ஜாடி நீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கடற்காற்றில் வரும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் மதர்போர்டு மீதும் படிந்திருக்கிறது. வெயில் காலத்தில் அது சும்மா கிடக்கும். மழைக்காலத்தில் கரைந்து, கரண்ட் ஓடும் பாதையாகி, செம்பை அரிக்கத் தொடங்கும். தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அடியில் வைத்த கேபினட்டுக்கு இது கூடுதலாகவே நடக்கும். புதுச்சேரியில் ஒரு பகுதிக்கு உப்பளம் என்றே பெயர் இருப்பதை நினைத்துக்கொண்டு மேசையை நகர்த்துங்கள்.

முதலில் அடிபடுவது மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டையான ரேம். அதன் விளிம்பில் உள்ள தங்க முலாம் மிக மெல்லியது, நுண்ணிய துளைகள் உள்ளது. அது வழியாக அரிப்பு மேலே வந்து ஒரு படலம் கட்டினால் கனெக்‌ஷன் விட்டு விட்டு வரும். ஃபேன் சுற்றியும் திரை வராதது, திரும்பத் திரும்ப நீளமான பீப், ஓடிக்கொண்டே நீலத்திரை, இதற்கெல்லாம் முதலில் செய்ய வேண்டியது இதுதான்:

1. ஷட் டவுன் செய்து, சுவர் சுவிட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கிப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கும்.

2. கேபினட்டைப் படுக்க வைத்து இடப்பக்கத் தகடைக் கழற்றுங்கள். வர்ணம் இல்லாத இரும்பு பாகத்தை ஒரு தரம் தொட்டு உடம்பு ஸ்டாட்டிக்கை இறக்குங்கள். ரேமின் இரு முனைக் கிளிப்பையும் வெளிப்பக்கம் தள்ளி, நேராக மேலே இழுங்கள். எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று போனில் ஒரு போட்டோ.

3. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல விளிம்பு ஒரே சீராக மின்னும். கெட்டதில் பழுப்புப் புள்ளி, மங்கிய பட்டை, சில சமயம் பச்சை நிறம் தெரியும்.

4. வெள்ளை ரப்பரால் உள்ளிருந்து விளிம்பை நோக்கி ஒரே திசையில், ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு முறை, மெதுவாக. குறுக்கே தேய்க்காதீர்கள், முலாம் உரிந்துவிடும். ரப்பர் தூளைத் தட்டிவிட்டு, நூல் பிரியாத துணியை ஆல்கஹாலில் நனைத்துத் துடையுங்கள்.

5. ஸ்லாட்டுக்குள் ரப்பரை விடக் கூடாது. பிரஷ் நுனியை ஆல்கஹாலில் தொட்டு இரண்டு முறை இழுத்தால் போதும். பத்து நிமிடம் காயவிடுங்கள்.

6. விளிம்பில் உள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா என்று பார்த்து, இரு முனையும் ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டிடிஆர்5 ரேம் உள்ள புது போர்டுகள் கழற்றிப் போட்ட முதல் முறை ஒன்றிரண்டு நிமிடம் திரை காட்டாமல் யோசிக்கும். பதறி அணைக்க வேண்டாம்.

உப்பைப் போக்க உப்புத்தாள் வேண்டாம். அது முலாமையே சீவிவிடும். சானிடைசர் ஜெல்லில் கிளிசரின் இருக்கும், காய்ந்தபின் பிசுபிசுப்பாக நின்று தூசியைச் சேர்க்கும். பெட்ரோல், தேங்காய் எண்ணெய் என்று யார் சொன்னாலும் சிரித்துவிட்டு நகருங்கள்.

கேபினட் திறந்திருக்கும்போதே கிராபிக்ஸ் கார்டையும் இதே மாதிரி சுத்தம் செய்து போடுங்கள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை இரு முனையிலும் மூன்று முறை கழற்றிச் செருகினால் அந்த உரசலிலேயே படலம் போகும். மதர்போர்டில் வெள்ளிக்காசு போல இருக்கும் பட்டன் செல் 3 வோல்ட் காட்ட வேண்டும். 2.7க்குக் கீழே வந்தால் மெஷின் தேதியை மறந்து பழைய வருஷத்துக்குப் போகும். அப்போது எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் ‘பாதுகாப்பான இணைப்பு அல்ல’ என்று பிரவுசர் மறுக்கும், ஏனென்றால் சைட்டின் சான்றிதழ் தேதியும் உங்கள் தேதியும் ஒத்துப்போகவில்லை. இதற்கும் ஃபார்மேட் போட்டவர்கள் உண்டு.

மழைக்காலத்தில் கம்ப்யூட்டரை மூடிப்போட்டுப் பத்திரமாக வைப்பதுதான் பெரிய தப்பு. தினம் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டும். அணைத்த உடனே பிளாஸ்டிக் கவர் போட்டால் அதே ஈரம் உள்ளே வேர்க்கும். ஏசி அறையில் குளிர்ந்த லேப்டாப்பைத் திண்ணைக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டு ஆன் செய்யுங்கள், குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல அதற்குள்ளும் வேர்த்திருக்கும்.

சூடு

உள்நாட்டில் தூசி பொடியாக இருக்கும், ஊதினால் பறக்கும். இங்கே உப்பும் ஈரமும் சேர்ந்து பிராசஸரின் சூட்டை இறக்கும் உலோக அடுக்கான ஹீட் சிங்க்கின் இடுக்கில் கம்பளி போல அப்பிக்கொள்ளும். ஃபேன் சத்தம் கூடிக்கொண்டே போவது, பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு மந்தமாவது, வீடியோ பார்க்கும்போது பட்டென்று அணைவது மூன்றும் இதன் அடையாளம். வெப்பத்தைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றில் பாருங்கள்: சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி சரி. வேலையில் 90ஐத் தாண்டி 100ஐ நெருங்கினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும். வைரஸ் என்று நினைத்தது பெரும்பாலும் இந்தக் குறைப்புதான்.

காய்ந்த பிரஷால் கிளறிவிட்டு ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். பின்பக்கத்தில் கார்டு இல்லாத ஸ்லாட்டுகளின் தகடு காணாமல் போயிருந்தால் இப்போதே மூடுங்கள். அந்த வழியாகத்தான் பல்லி உள்ளே போய்ச் சூட்டுக்கு ஒதுங்கி முட்டையிடுகிறது. மதர்போர்டின் குறுக்கே அது செத்துக் கிடந்தால் ஷார்ட்.

மூன்று நான்கு வருஷமான மெஷின் என்றால் பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். இன்டெல் கூலரின் நான்கு கால்களையும் அம்புக்குறி காட்டும் திசையில் கால் சுற்று திருப்பி மேலே இழுக்க வேண்டும். ஏஎம்டி என்றால் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பவர் கார்டையும் பிடுங்கிவிட்டு, பேஸ்ட் இளகியிருக்கும்போதே கூலரை இடவலமாக லேசாகத் திருகிப் பிறகு தூக்குங்கள். நேராகப் பிடுங்கினால் பழைய ஏஎம்4 வகைகளில் பிராசஸரும் கூடவே வந்து பின் வளையும். பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். தடவ வேண்டாம், கூலரின் அழுத்தமே பரப்பிவிடும்.

டிஸ்க்

ஆன் செய்து காபி போட்டுக் குடித்து வந்தாலும் டெஸ்க்டாப் தயாராகவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் பத்தியைப் பாருங்கள். நிமிடக்கணக்கில் 100 சதவீதத்தில் நிற்கிறதென்றால், உள்ளே சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் முட்டுக்கட்டை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதன் உடல்நிலையைச் சொல்லும். 05, சி5, சி6 என்ற வரிசைகளின் மதிப்பு பூஜ்யத்தைவிட்டு ஏறியிருந்தால் அன்றைக்கே போட்டோக்களையும் பத்திர ஸ்கேன்களையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். சி7 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் டிஸ்க் நல்லது, கேபிள்தான் கெட்டது. உப்பு தின்ற சாட்டா கேபிளை மாற்றினால் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும், பழைய எண் அழியாது என்பதால் குழம்ப வேண்டாம்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் செய்யக்கூடிய செலவில் இதற்கு இணையாகப் பலன் தருவது வேறில்லை: சுற்றும் பாகமே இல்லாத 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி டிஸ்க், 240 அல்லது 256 ஜிபி. புது பிராசஸரைவிட, கூடுதல் ரேமைவிட முதலில் இது. தமிழக அரசு 2011இல் தொடங்கி வழங்கிய விலையில்லா மடிக்கணினி பரணில் கிடந்தால்கூட எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள், டைப் செய்யவும் படிக்கவும் உயிர்த்துவிடும். அடியிலுள்ள மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, டிஸ்க்கை மாற்றுவது அரை மணி நேர வேலை.

விண்டோஸ்

இந்த நான்கும் தேறிய பிறகே இங்கே வர வேண்டும். பலரும் அறியாத ஒன்று: விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இருப்பதால் ஷட் டவுன் முழுதாக அணைப்பதில்லை, பாதி நினைவை டிஸ்க்கில் வைத்துக்கொண்டு தூங்குகிறது. பிரிண்டர் வரவில்லை, சவுண்டு இல்லை என்றால் ஷட் டவுன் செய்து ஆன் செய்வதால் தீராதது ரீஸ்டார்ட்டில் தீரும். பிறகு டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியில் தேவையில்லாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள், இரண்டும் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டே நேரத்தைத் தின்னும். திடீரென்று தமிழில் தட்டினால் ஆங்கிலம் வருகிறதா? விண்டோஸ் பட்டனோடு ஸ்பேஸ் பாரை அமுக்குங்கள். கை பட்டு கீபோர்டு மாறியிருக்கும். பழைய பாமினி ஃபைல் புரியாத எழுத்தாகத் தெரிந்தால் அது கெடவில்லை, அந்த ஃபான்ட் இந்த மெஷினில் இல்லை, அவ்வளவே.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். பழைய மெஷினில் குறுக்குவழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ஓடும், ஆனால் பெரிய அப்டேட் வரும்போது முறையாக வராது. பிரவுசர், டைப்பிங் மட்டும் போதுமென்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் 4 ஜிபி ரேமில் நிம்மதியாக ஓடும்.

புயல் அறிவிப்பு வந்தால்

2011 டிசம்பர் 30 தானே புயலும், 2015 வெள்ளமும், 2024 நவம்பர் 30 புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சலும், அதையடுத்துத் தென்பெண்ணையில் வந்த தண்ணீரும் இந்தப் பகுதிக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டின: தண்ணீர் முதலில் தொடுவது தரையில் வைத்த கேபினட்டை. எச்சரிக்கை வந்த அன்றே ஒயர்களைப் போட்டோ எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கி மேசைக்கு மேல் ஏற்றுங்கள். ரவுட்டருக்கு வரும் லேன் ஒயரையும், டிவி கேபிளையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும், மின்னல் அந்த வழியாகவும் வரும். பேக்கப் டிஸ்க்கை ஜிப் கவரில் போட்டுப் பரணுக்கு.

கரண்ட் திரும்பியதும் செருகாதீர்கள். கம்பம் சாய்ந்த தெருவில் நியூட்ரல் விட்டுப்போயிருந்தால் வீட்டுக்கு 300க்கு மேலும் வோல்ட் ஏறலாம். மீட்டரில் 230 சுற்றி அரை மணி நேரம் நிலையாக நிற்பதைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

தண்ணீர் புகுந்துவிட்டால் “ஆன் ஆகிறதா பார்ப்போம்” என்ற ஆசையை அடக்குங்கள். ஈரம் மட்டும் போர்டைக் கொல்வதில்லை; ஈரத்தில் பாயும் கரண்ட்தான் கொல்கிறது. பட்டன் செல்லைக் கழற்றுங்கள், லேப்டாப் என்றால் பேட்டரியையும். போர்டைச் சேறு போக டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஆல்கஹாலால் துலக்கி, ஃபேன் காற்றில் மூன்று நாள் காயவிட்டுப் பிறகு சோதிக்கலாம். எஸ்எம்பிஎஸ் நனைந்திருந்தால் அதைக் கணக்கில் கழித்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அலசவோ, ஹேர் டிரையரில் காட்டவோ, அரிசியில் புதைக்கவோ வேண்டாம். பெரும்பாலான டிஸ்க்குகளின் மேல் மூடியில் ஒரு மூச்சுத்துளை உண்டு, சேற்றுத் தண்ணீர் அது வழியாக உள்ளே போயிருக்கும். அந்த நிலையில் ஒரு முறை சுற்றவிட்டாலும் உள்ளே டேட்டா பதிந்திருக்கும் பிளாட்டர் தட்டில் கீறல் விழும். ஈரத்துணியில் சுற்றி ஜிப் கவரில் போட்டு, காயவிடாமலேயே டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோங்கள். சேறு காய்ந்து உள்ளே ஒட்டிக்கொண்டால் அவருக்கும் எடுப்பது கஷ்டம்.